கொதிக்க வைக்காத அருவித் தண்ணீர்

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து சாரல். மாடியில் போட்ட துணி காயவில்லை. மாஸ்க்கும் ஈரம். எங்கள் குத்துக்கல்வலசை ஊரே குற்றாலத்துக்குக் கிளம்பிவிட்டது. எனக்கு மட்டும் தடை. அருவி, கூட்டம், பச்சைக் காய்கறி எதுவும் ஆகாது. கிட்னி மாற்றி நாலாவது மாதம்.

சாயங்காலம் செங்கோட்டையிலிருந்து அக்கா. எனக்குள் இருப்பது அவள் கொடுத்த கிட்னிதான். கையில் ஒரு கேன் நிறைய தண்ணீர்.

"ஐந்தருவில பிடிச்சேம்லே. மூலிகைத் தண்ணி. உடம்புக்கு அம்புட்டு நல்லது."

"கொதிக்க வச்சியாக்கா?"

"கொதிக்க வச்சா சத்தெல்லாம் போயிரும்லா."

டயாலிசிஸ் காலத்தில் தண்ணீருக்கு அளவு. ஐஸ் துண்டைச் சப்பிக்கொண்டு கிடந்தவன் நான். ஒரு செம்பு மடக்மடக்கென்று உள்ளே போனது. தண்ணீருக்கு இத்தனை ருசியா. வீட்டுக்காரி அமுதா அடுப்படியில். நல்லவேளை, பார்க்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

நேற்று முதல் வயிற்றுப்போக்கு. காய்ச்சல். சிறுநீர் ரொம்பக் குறைவு. அமுதா கார் பிடித்தாள், அக்காவும் கூட. திருநெல்வேலி ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்தார்கள். கிரியாட்டினின் ஏறியிருக்கிறது. கிட்னி திணறுகிறது என்று அர்த்தம்.

டாக்டர்: "வெளித்தண்ணி ஏதாவது குடிச்சீங்களா?"

அக்காவைக் காட்டிக்கொடுப்பதா? மூலையில் நின்றவள் தானே முன்னால் வந்தாள்.

"நான்தான் குடுத்தேன் சார். கொதிக்க வைக்கல."

அமுதா அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே. டாக்டர் திட்டவில்லை.

"அந்தக் கிருமி உங்களை ஒண்ணும் செய்யாதும்மா. தம்பி உடம்புல மாத்திரை குடுத்து எதிர்ப்புக் காவலைக் குறைச்சு வச்சிருக்கோம். இல்லேன்னா உங்க கிட்னியையே வேத்தாள்னு அடிச்சுப் போட்டுரும்."

"கிட்னி போயிருமா சார்?"

"ரெண்டு மூணு நாள் பார்க்கணும்."

ஜூலை 9, புதன்

சலைன். ஊசி. வழக்கமான மாத்திரையில் ஒன்று பாதியாகக் குறைப்பு. சார்ஜர் மறந்தாச்சு. அக்கா வராந்தாவிலேயே இருக்கிறாளாம், பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லையாம்.

டாக்டர் சொன்னதே மண்டைக்குள் ஓடுகிறது. அவள் உறுப்பு என்னிடம் குடியிருக்க வேண்டும் என்பதற்காக என் உடம்பு கதவைத் திறந்துபோட்டு நிற்கிறது. கிருமியும் அதே கதவு வழியாகத்தான் வருகிறது. இத்தனை பெரிய காரியம், இத்தனை மெல்லிய நூலில். இது தெரியாமல் நாலு மாதம் மாத்திரை கசக்கிறது என்று சலித்துக்கொண்டிருந்தேன். பயம் இருக்கிறது. ஆச்சரியம் அதைவிடப் பெரிது. கும்பிடத் தோன்றியது, யாரை என்று தெரியவில்லை.

அக்கா கிட்னியை வைத்துத் தைத்த இடம், அடிவயிற்றின் வலது பக்கம், தொட்டுப் பார்த்தேன். கதகதப்பு. கொஞ்சம் பொறுத்துக்கோ அக்கா.

ஜூலை 11, வெள்ளி

காய்ச்சல் விட்டது. இட்லி இரண்டு, சட்னி கிடையாது. சிறுநீர் பிடித்து அளக்கிற கேன், நேற்றுவரை அடியிலேயே கிடந்தது, இன்று மதியத்துக்குள் கழுத்துவரை.

நர்ஸ்: "கிரியாட்டினின் இறங்குது அண்ணாச்சி."

அமுதாதான் வராந்தாவுக்குப் போய் அக்காவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அக்கா மாஸ்க்கோடு கட்டிலருகே. என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து அந்தக் கேனைத்தான் பார்த்தாள், ரொம்ப நேரம். மாஸ்க் நனைந்துவிட்டது.

"ஏலே," என்றாள். "ஐந்தருவி தோத்துது போ."