ஊழியர் பட்டியலில் முதல் பெயர்

அன்புள்ள என்னவருக்கு,

நானும் சின்னவளும் நலம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எழுதாவிட்டால் வலியே இல்லை என்று நான் நம்பிவிடுவேன் என்ற நினைப்பு உங்களுக்கு.

அரசு மருத்துவமனைகளுக்குக் கட்டில் செய்து தர டெண்டர் போட்டிருந்தோமே, அதற்காகச் செவ்வாய்க்கிழமை நம் பட்டறையைப் பார்க்க வந்தார்கள். கொள்முதல் அதிகாரி ஒரு அம்மாள், கூடவே ஒரு இன்ஜினியர். மாதம் இருநூறு கட்டில் செய்ய நமக்கு வசதி இருக்கிறதா என்று சோதிக்க வேண்டுமாம். அறுபதுதான் முடியும் என்று எனக்குத் தெரியாதா? பக்கத்துப் பட்டறை அண்ணன்தான், "ஒரு நாளைக்கு என்னோட பைப் வளைக்கிற மெஷின வச்சுக்கம்மா, நாங்கல்லாம் அப்படித்தான் பண்றோம்" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். நாலு பேர் சேர்ந்து தள்ளிக்கொண்டு வந்து, துடைத்து நிறுத்தினோம்.

அந்த அம்மாள் நேராக அதனிடம் போய், "இத ஓட்டிக் காட்டுங்க" என்றார். அது த்ரீ பேஸ் கரண்டில் ஓடுகிற மெஷின். நம்மிடம் இருப்பதோ சிங்கிள் பேஸ். இத்தனை வருஷம் பட்டறையிலேயே கிடக்கிறேன், அது என் மண்டையில் உறைக்கவில்லை. வயரைக் கையில் பிடித்துக்கொண்டு அசடு வழிய நின்றேன்.

பிறகு உள்ளதைச் சொல்லிவிட்டேன். மெஷின் இரவல், எங்களால் அறுபதுதான் முடியும் என்றேன். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த அம்மாள் திட்டவில்லை. நம் மாதிரிக் கட்டிலில் இன்ஜினியரை ஏறிக் குதிக்கச் சொன்னார். அவர் ஆள் நல்ல கனம். கட்டில் முனகக்கூட இல்லை. அந்த அம்மாள் வெல்டிங்கைத் தடவிப் பார்த்தார். சின்னப் பட்டறைகளுக்கென்று மாதம் அறுபது தனியாக ஒதுக்கியிருப்பதாகவும், அதற்கு நம்மை எடுத்துக்கொள்ளப் பார்ப்பதாகவும் சொன்னார். எனக்கு உயிர் வந்தது.

அப்புறம்தான் ஊழியர் பட்டியலைக் கையில் எடுத்தார். தலைமை வெல்டர் என்று உங்கள் பெயரைத்தான் முதலில் போட்டிருந்தேன். சான்றிதழ் வைத்திருப்பது நீங்கள் ஒருவர்தானே. "இவரு எங்க?" என்றார். வெளிநாட்டில் வேலை என்றேன். "எப்ப வருவாரு?" என்றார். நான் குனிந்து வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன். இரவல் மெஷினுக்குக்கூட நான் அப்படிக் கூசவில்லை.

பதினைந்து நாள் கெடு கொடுத்திருக்கிறார். நீங்கள் நேரில் வந்து அவர் முன்னால் வெல்டிங் வைத்துக் காட்ட வேண்டும், அல்லது சான்றிதழ் உள்ள வேறு ஆளின் பெயரைக் கொடுக்க வேண்டும். அண்ணனின் மச்சான் தயாராக இருக்கிறார். நல்ல கைதான், குறை சொல்ல முடியாது. அவரைப் போட்டால் வேலை நமக்குக் கிடைத்துவிடும்.

பட்டறைக்கு வேலை வந்தால் அடுத்த பிளேனிலேயே வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். மூன்று வருஷம் ஆகிறது. இப்போது வேலை வந்திருக்கிறது. எனக்கு உங்கள் மேல் கோபமும் இருக்கிறது, வர மாட்டீர்களோ என்ற பயமும் இருக்கிறது.

பட்டியல் என் மேஜைமேல்தான் கிடக்கிறது. உங்கள் பெயரை இன்னும் கோடு போட்டு அடிக்கவில்லை. என்னை அடிக்க வைத்துவிடாதீர்கள்.

நல்லபடியாக இருங்கள். முட்டிக்கு மருந்து போடுங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
சின்னவளின் அம்மா