ஸ்பேனரின் முதுகும் க்ளைவின் வைத்தியமும்

செப்டம்பர் 9, செவ்வாய்

எங்கள் நாய் ஸ்பேனர் இன்று சோபாவில் ஏறவில்லை. ஏறாதே என்று நான் வருஷக்கணக்காகக் கத்தியபோதெல்லாம் ஏறியவன், இன்று நானே கூப்பிட்டும் ஏறவில்லை. முதுகை வில்லாக வளைத்து, தலையைத் தொங்கப்போட்டு நின்றான். விலாவுக்குப் பின்னால் தொட்டதும் முனகினான்.

என் கணவர் க்ளைவ் டோஸ்ட்டை மென்றபடி தீர்ப்பு வழங்கினார். "சரியாப் போயிடும்."

இந்த ஊரில் மழை பொய்த்தாலும் சரியாப் போயிடும், டிராக்டர் தீப்பிடித்தாலும் சரியாப் போயிடும். போன குளிர்காலத்தில் இடுப்புப் பிடித்துக்கொண்டு கழிவறையிலிருந்து எழ முடியாமல் என்னைக் கூவிக் கூவி அழைத்த மகானும் இவர்தான்.

செப்டம்பர் 10, புதன்

சரியாகப் போகவில்லை. ஆச்சரியம்!

காலையில் க்ளைவ் துரை தன்னுடைய இடுப்பு வலி மாத்திரையைப் பாதியாக உடைத்துக்கொண்டிருந்தார். அதுவும் என் நல்ல கத்தியால். யாருக்கு என்று கேட்டேன்.

"ஸ்பேனருக்குத்தான். எனக்குக் கேட்டுச்சுல்ல? அவன் சைஸுக்குப் பாதி."

பிடுங்கிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போன் செய்தேன். மனிதர்களின் வலி மாத்திரை நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், எதையும் கொடுக்காமல் அழைத்து வாருங்கள் என்றார்கள். "டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் க்ளைவ். பின்னே, டாக்டர்கள் வேறு எப்படிச் சொல்வார்களாம்?

செப்டம்பர் 11, வியாழன்

டாக்டர் ஜோசி ஸ்பேனரின் முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்த்தாள். பின்னங்கால் பாதங்களை மடித்துவைத்து, அவனே நிமிர்த்துகிறானா என்று பார்த்தாள். நிமிர்த்தினான். முதுகெலும்பு டிஸ்க் ஒன்று பிதுங்கி நரம்பை உரசுகிறது போலிருக்கிறது என்றாள். ஆறு வாரம் சின்னக் கூண்டுக்குள் ஓய்வு. வெளிக்குப் போக மட்டும் கயிற்றில் பிடித்து மெதுவாக நடத்த வேண்டும். படி, சோபா, வண்டி எதுவும் கூடாது. தூக்கினால் ஒரு கை நெஞ்சுக்கு, ஒரு கை பின்பக்கத்துக்கு.

"மாத்திரை போட்டதும் வலி குறைஞ்சு துள்ளுவான். அப்பதான் ஜாக்கிரதையா இருக்கணும். வலி போயிருக்கும், காயம் ஆறியிருக்காது."

க்ளைவ் கேட்ட ஒரே கேள்வி: "அப்போ அடுத்த மாசம் ஷோ?"

ஸ்பேனர் ஆடு மேய்க்கும் நாய் ஜாதி. ஆட்டைக் கண்டால் என் பாவாடைக்குப் பின்னால் ஒளிவான். வேலைக்கு ஆகாதவன் என்றுதான் வீட்டுக்குள்ளேயே வந்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை தாவுவது. ஷோ என்றால் வருஷா வருஷம் நடக்கும் ஊர் விவசாயக் கண்காட்சி. அங்கே பிக்கப் வண்டியின் பின்னால் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உயரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள்; நாய் அதைத் தாண்டி வண்டிக்குள் ஏற வேண்டும். இரண்டு வருஷமாக எல்லா நாயையும் விட உயரமாகத் தாவியவன் இவன். மூன்றாவது முறையும் ஜெயித்தால் கோப்பை வீட்டோடு தங்கிவிடுமாம். வீட்டில் மீன் தூண்டில் வைக்கவே இடமில்லை.

"தாவினா காலே போயிடலாம்" என்றாள் ஜோசி.

"புரியுதும்மா" என்றார். அந்த முகம் எனக்குத் தெரியும். புரியாத முகம்.

செப்டம்பர் 13, சனி

கூண்டு தயார். வழுக்காமல் இருக்க ரப்பர் விரிப்பு. உள்ளே ஸ்பேனர், கைதி மாதிரி எங்களைப் பார்த்துக்கொண்டு. சீஸுக்குள் மாத்திரை வைத்தால் சீஸைத் தின்றுவிட்டு மாத்திரையை என் செருப்பில் துப்புகிறான். குடும்பத்திலேயே புத்திசாலி.

செப்டம்பர் 19, வெள்ளி

வாலை ஆட்டுகிறான். கூண்டுக்கதவைப் பிராண்டுகிறான். ஜோசி சொன்னது அப்படியே நடக்கிறது. க்ளைவோ "பாரு, குணமாயிட்டான்!" என்று குதிக்கிறார். இரண்டு ஆண்களில் ஒருவனையாவது பூட்டி வைக்க முடிகிறதே.

செப்டம்பர் 21, ஞாயிறு

தேவாலயத்தில் பூ வைக்கும் முறை எனக்கு. திரும்பி வந்தபோது கொல்லையில் க்ளைவும் அவர் சிநேகிதன் மெர்வும் கையில் பீரோடு கறி சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்பேனர் பிக்கப் வண்டியின் மேல் நின்றான்.

வண்டியின் மேல்.

"ஒரே ஒரு தடவை நோர். சும்மா டெஸ்ட்டு. பறந்தான் தெரியுமா!"

"அட, நாய் பறந்துச்சுங்க!" என்று மெர்வ் பக்கவாத்தியம்.

நான் ஸ்பேனரைத் தூக்கிக் கூண்டுக்குக் கொண்டுபோனேன். அங்கே நின்றிருந்தால் கறி சுடும் இடுக்கி பறந்திருக்கும்.

செப்டம்பர் 22, திங்கள்

காலையில் ஸ்பேனரால் எழுந்திருக்க முடியவில்லை. முன்னங்கால் எழுந்தது, பின்பக்கம் வரவில்லை. பாதம் மடிந்து, மேல்பக்கம் தரையில் இழுபட்டது. என்னைப் பார்த்து வால் ஆட்டப் பார்த்தான். வாலும் ஆடவில்லை. ஐயோ, அந்தப் பார்வை.

மருத்துவமனைக்கு க்ளைவ்தான் வண்டி ஓட்டினார். ஜோசி ஸ்பேனரின் பின்னங்கால் விரல் நுனியைக் கிடுக்கியால் அழுத்தினாள், அவன் திரும்பிப் பார்த்தான். "வலி தெரியுது. அது ஒண்ணுதான் நமக்கு நல்ல செய்தி" என்றாள். மாத்திரையை மாற்றினாள். ஆறு வாரம், முதலிலிருந்து. ஒன்றுக்குப் போகாவிட்டாலோ, விரலில் உணர்ச்சி போனாலோ ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காமல் மெல்போர்னுக்கு ஓட வேண்டும், அறுவை சிகிச்சைக்கு. அப்போதும் நடப்பான் என்று சத்தியம் செய்ய மாட்டேன் என்றாள்.

"என்ன நடந்துச்சு? தாவினானா?"

"நான்தான் தாவ விட்டேன்" என்றார் க்ளைவ்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். என்னென்னவோ சொன்னேன். கோப்பையில நாய்க்குக் கஞ்சி ஊத்துவியா, அவன் காலை எடுத்து அதுக்குள்ள வைப்பியான்னு கேட்டேன். மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பயமா இருக்கு. இந்த நாய் நடக்கலன்னா நான் என்ன பண்ணுவேன்?

செப்டம்பர் 24, புதன்

ஒன்றுக்குப் போனான். இதற்காக அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

என் நல்ல குளியல் துண்டு, கல்யாணத்துக்கு அத்தை தந்தது, இப்போது ஸ்பேனரின் வயிற்றுக்கடியில். க்ளைவ் அதன் இரண்டு முனையையும் பிடித்து அவன் பின்பக்கத்தைத் தாங்கிக்கொண்டு புல்வெளியில் ஊர்கிறார். கழுத்துக் கயிறு எனக்கு. பார்ப்பவர்களுக்கு அரச ஊர்வலம்.

எழுந்து வந்தால் தினமும் காலையில் துரை கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் கிடக்கிறார். அவருடைய இடுப்பும் போய்விட்டது. ஜோசியிடம் இன்னொரு கூண்டு கேட்கலாமா என்று யோசிக்கிறேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

வலது பாதம் சில சமயம் நேராக விழுகிறது. இடது பாதம் இன்னும் இழுக்கிறது.

மெர்வ் வந்தான். ஷோ கமிட்டி அனுப்பிய தூதனாம்.

"டேய் க்ளைவ், என்னடா இது, நாயைப் பிள்ளைத்தாச்சி மாதிரி வச்சிருக்க? தாவ வேணாம்டா. வண்டி மேல சும்மா நிக்கட்டும். சாம்பியனாச்சே, ஜனங்க பார்க்கணும்ல."

க்ளைவ் துண்டை மடித்துக்கொண்டே சொன்னார். "வண்டியைப் பார்த்தா தாவுவான் மெர்வ். அவன் தாவுறதே நான் கைதட்டுறதுக்காகத்தான்டா. அவனை இப்படிக் கெடுத்து வச்சது நான். வரமாட்டான்."

"ஒரு நாய்க்காகவா?"

"ஆமாண்டா. போயிட்டு வா."

மெர்வுக்கு டீ கொடுக்கலாம் என்றிருந்தேன். வேண்டாம் என்று முடிவு செய்தேன். க்ளைவுக்கு மட்டும் போட்டுக் கொடுத்தேன், பிஸ்கட்டோடு. ரொம்ப நாளைக்குப் பிறகு.

அக்டோபர் 25, சனி

ஷோ நாள். மைதானம் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம்தான். காலையிலிருந்து மாட்டின் கத்தல், ராட்டின இரைச்சல், வறுத்த வெங்காய வாசனை. நான் செய்த கேக்குக்கு இரண்டாம் பரிசாம். முதல் பரிசு மெர்வின் மனைவிக்கு. நியாயமான உலகம்.

க்ளைவ் போகவில்லை. கூண்டுப் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளின் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

மதியம் ஒலிபெருக்கியில் நாய்கள் தாவும் போட்டி என்று அறிவித்தார்கள். ஸ்பேனரின் காது நிமிர்ந்தது. முன்னங்காலை ஊன்றினான். பிறகு பின்பக்கம் ஒரு ஆட்டம் ஆடியது, சரிந்தது, மறுபடி எழும்பியது. துண்டு இல்லை, எங்கள் கை இல்லை. நாலு பாதமும் தரையில் சரியாகப் பதிய நின்றான். உடம்பெல்லாம் நடுங்க, மைதானத்தின் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் ஓவென்று அழுதேன். க்ளைவ் முட்டிபோட்டுக் கூண்டுக்குள் தலையையும் தோளையும் நுழைத்தார். ஒரு கை நெஞ்சுக்கு, ஒரு கை பின்பக்கத்துக்கு.

"பார்த்துட்டேன்டா ராஜா. போதும். படுத்துக்கோ. அங்க ஒண்ணுமில்ல, படுத்துக்கோடா."

வெளியே வேறு யாருடைய நாய்க்கோ ஊரே கைதட்டியது. ஸ்பேனர் க்ளைவின் முகத்தைப் பார்த்தான். தட்டுவாரா என்று பார்த்தான். க்ளைவ் இரண்டு கையையும் அவன் மேலிருந்து எடுக்கவே இல்லை.

"நோர், அந்த ஜன்னலைச் சாத்து" என்றார்.

சாத்தினேன்.