பெற்றோர் விருப்பம்

பாப்பாவுக்கு,

நம் பங்குப் பள்ளியை இந்த வருடத்தோடு மூடுகிறார்கள். மொத்தமே பத்தொன்பது பிள்ளைகள். கடைசி ஆண்டு மலருக்குப் பள்ளி வரலாறு எழுதும் வேலையை ஃபாதர் என் தலையில் கட்டிவிட்டார். "உங்கள விட்டா யாருக்கு டீச்சர் தெரியும்?" என்றார். ரிட்டயரான தலைமையாசிரியைக்கு வேறென்ன வேலை!

கோயில் பின்னறையில் உட்கார்ந்து எண்பது வருடப் பதிவேடுகளைப் புரட்டினேன். முதல் வகுப்பு கோயில் வராந்தாவில் நடந்தது, கோயில் மணிதான் பள்ளிக்கும் மணி, எல்லாம் எழுதினேன். 'இங்கிருந்து ஒரு பிள்ளைகூட வெளியேற்றப்பட்டதில்லை' என்றும் எழுதினேன். பூசை முடிந்ததும் ஃபாதர் அந்த வரியை வாசித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். பதிவேட்டின்படி அது சரிதான்.

நீ பத்தாவது படிக்கையில் பரீட்சைக் கேள்வித்தாள் காணாமல் போய் உன்மேல் சந்தேகம் விழுந்தபோது, சொந்த மகளுக்குச் சலுகை காட்டினாள் என்று யாரும் வாய் கூசாமல் பேசிவிடக் கூடாதென்று நினைத்தேன். ஆபீஸ் அறையில் என் மேசைக்கு முன்னால் நின்றாய்.

"நான் எடுக்கல டீச்சர்."

பள்ளிக்கூடத்தில் அம்மா என்று கூப்பிடக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். அன்றைக்கும் நீ அதை மீறவில்லை.

மறுவாரமே அந்தத் தாள் என் பீரோ இழுப்பறைக்குப் பின்னால் கிடைத்தது. அதற்குள் நீ சித்தி வீட்டுக்குப் போய்விட்டாய். நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இதுவும் மற்ற கடிதங்களைப் போலப் பிரிக்காமலே திரும்பி வரும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பதிவேட்டில் உன் பெயருக்கு நேரே, நீங்கிய காரணம் 'பெற்றோர் விருப்பம்' என்றிருக்கிறது. பெற்றோர், தலைமையாசிரியை, இரண்டு இடத்திலும் என் கையெழுத்து.

இப்படிக்கு,
டீச்சர்