ரகசியக் கதவுக்குப் பகடை உருட்டலாமா

இன்று காலை கட்டிங் டேபிளில் துணி வெட்ட அளவு வரைந்த மார்க்கர் பேப்பரை விரித்தேன். அடுக்கியிருந்த இரண்டு பேட்டர்னுக்கு நடுவே ஒரு கை அகலம் வெறுமனே கிடந்தது. அவ்வளவு துணியும் வீண். "யார் போட்டது இது?" என்று கத்த வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். உன் ஆட்டத்து நிலவறை நினைவுக்கு வந்துவிட்டது.

ஞாயிறு மதியங்களில் அவிநாசிபாளையத்தில் உன் வீட்டு மாடியில் கதை விளையாட்டுக்கு உட்காருவோம். கதையை நடத்துவது நீ. அதற்குள் வாளும் விளக்குமாக நடப்பது நானும் ஜெபராஜும் இன்னும் இரண்டு பேரும். செய்ய நினைப்பதை வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். வாரம் முழுக்க என்னை 'டா' போடுகிற நீ, ஆட்டம் தொடங்கிவிட்டால் எனக்கும் 'ங்க' போடுவாய். நடுவருக்கு எல்லாரும் ஒன்று என்பாய்.

அன்று நீ சொல்லச் சொல்ல நான் வரைபடம் போட்டுக்கொண்டு வந்தேன். இரண்டு அறைகளுக்கு நடுவே பத்தடி கணக்கில் வராமல் நின்றது. தினமும் மார்க்கர் பார்க்கிற கண்ணுக்கு அது தப்புமா? பின்னால் பூதம் துரத்தி வந்துகொண்டிருந்தது.

"இந்தச் செவுத்துல ரகசியக் கதவு இருக்குது. தொறக்கறேன்."

"தேடறீங்களா? பகடை போடுங்க."

"தேடறதுக்கு என்னடா இருக்குது? கண்டுபுடிச்சாச்சு. படத்தைப் பாரு."

"படம் சரிதானுங்க. வாய் இருக்கறவங்களுக்கு மட்டும் கதவு தொறந்தா, ஜெபராஜ் மாதிரி பேசாத ஆளு என்ன பண்ணுவாருங்க? பகடை போடுங்க."

போட்டேன். மூன்று விழுந்தது.

"வெறும் செவுருங்க. பூதத்துக்கு இன்னைக்கு ஞாயித்துக்கெழமைக் கறிச்சோறு."

எல்லாரும் சிரித்தார்கள். வாயே திறக்காத ஜெபராஜ்கூடச் சிரித்தான். இரண்டு வருஷம் நான் வளர்த்த வீரன், கதவு இருந்த சுவரிலேயே முதுகை ஒட்டிக்கொண்டு செத்தான்.

எனக்கு எதுவும் மறக்காது. என் கல்யாணத்தில் பந்தியில் உட்காராமல் போன உறவினர்களின் பெயர்களை இன்றும் வரிசையாகச் சொல்வேன். அந்த வரிசையில் உன்னையும் சேர்த்தேன். ஆறு வருஷம் உன் மாடிப்படி ஏறவில்லை. ஜெபராஜிடம் நீ சொல்லியனுப்பியபோதெல்லாம் "அவனே வரட்டும்" என்றேன்.

போன வருஷம் ஆவணியில் நீயே என் கம்பெனிக்கு வந்தாய். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றாய். வாட்ச்மேன் போன் செய்தார். "மீட்டிங்ல இருக்கேன்னு சொல்லிடுங்க" என்றேன். அறையில் நான் ஒருவன்தான் இருந்தேன். நீ கொஞ்ச நேரம் நின்றாய். வாட்ச்மேனிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாய். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அடுத்த மாதம் உனக்கு மாரடைப்பு.

கருமாதிக்கு வந்த இடத்தில் ஜெபராஜ் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், அன்றுதான் அவன் அவ்வளவு நேரம் பேசிக் கேட்டேன்.

"அண்ணாச்சி, அவுக அந்த விதியை எப்பவோ மாத்திட்டாக. கதவு இங்கனதான்னு எடத்தைச் சரியாச் சொல்லிட்டா பகடை கெடையாது, தொறந்துரும். தெரியாதவனுக்கு மட்டுந்தான் பகடை. புதுசா யாரு வந்தாலும் உங்க பேரைச் சொல்லித்தான் அதைச் சொல்லிக் குடுப்பாக. அன்னைக்கு உங்க கம்பெனிக்கு வந்ததே அதைச் சொல்லத்தான்."

நான் சொன்னது சரி என்று உன் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதைக் கொண்டுவந்தவனைத்தான் வெயிலில் நிறுத்தித் திருப்பியனுப்பினேன்.

நீ சொன்னதும் சரிதான். அன்று மாடியில் உட்கார்ந்திருந்த ஐந்து பேரில், பேசாதவனைப் பற்றி யோசித்தவன் நீ ஒருவன்தான். வீடு திரும்பும்போதே எனக்கு அது தெரியும். தெரிந்தும் ஆறு வருஷம் சொல்லாமல் வைத்திருந்தேன். உன் பங்கைச் சொல்ல நீ வண்டி எடுத்துக்கொண்டு வந்தாய். என் பங்கு இன்னும் என்னிடமே இருக்கிறது.