இந்த நெல்லுக்குத் தாய் தகப்பன் யார்?

மார்ச் 4, செவ்வாய்

ஒன்பது வருடம் பாடுபட்டு நான் உருவாக்கிய நெல்லை, அக்காவின் வீட்டுக்காரன் தன் பெயரில் பதிவு செய்ய விண்ணப்பித்திருக்கிறான். சோதனைக்கு எங்கள் ஆய்வகத்துக்கே விதையை அனுப்பியிருக்கிறான்! உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன். நெல்மணியின் மூக்கு நுனியில் அதே ஊதாப் புள்ளி. விதைக்கடை நடத்துகிறவனுக்கு இரண்டு ரகத்தை இனம் சேர்த்துப் புது ரகம் எடுக்கத் தெரியுமா? எப்படி எடுத்தான்? என் வீட்டில் கை நனைத்தவன்.

விட மாட்டேன்.

மார்ச் 5

தலைமை ஆய்வாளரிடம் சொல்லிவிட்டேன்.

"சார், இது என் ரகம். கேட்டிருக்கிறவர் என் அத்தான். நான் இதுல கை வைக்கக் கூடாது. வேற யாராவது பண்ணட்டும்."

நேர்மை என்று பாராட்டினார். நாளைக்கு அவன் வாய் திறக்க ஒரு சந்துகூட இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மார்ச் 18

பக்கத்து மேசைக்காரிதான் செய்தாள். நாற்றின் இலையை அரைத்து, டி.என்.ஏ. பிரித்து, பன்னிரண்டு மார்க்கர், அதாவது ரகத்துக்கு ரகம் மாறும் அடையாளங்கள், வைத்து ஜெல்லில் ஓட்டினாள். ரகம் வேறென்றால் ஜெல்லில் பட்டைகள் ஏறி இறங்கி நிற்கும். அவன் விதையும் நான் கொடுத்த விதையும் - பன்னிரண்டிலும் ஒரே மட்டம்.

மத்தியானம் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

மார்ச் 19

அக்கா போன் செய்தாள். "உன் அத்தான்டி அவரு. விட்டுடேன்."

வைத்துவிட்டேன்.

மார்ச் 27

பதிவு அலுவலகத்தில் விசாரணை. "அவதான் சார் என் வயல்லேர்ந்து எடுத்திருக்கா" என்றான், கண் இமைக்காமல். இதற்குத்தான் காத்திருந்தேன். குழுத் தலைவர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். "இந்த நெல்லுக்குத் தாய் எது, தகப்பன் எது? எழுதுங்க."

நான் எழுதி முடித்தபோது அவன் இன்னும் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 10

நாங்கள் எழுதிய இரண்டு ஜோடி ரகங்களையும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தார்கள். பிள்ளையிடம் உள்ள பட்டை தாயிடமோ தகப்பனிடமோ இருந்தாக வேண்டும். அவன் எழுதிய ஜோடியில் ஐந்து பட்டைகளுக்கு ஆளே இல்லை. என் ஜோடியில் எல்லாம் பொருந்தின. விண்ணப்பம் தள்ளுபடி. விதை விற்கும் உரிமமும் போயிற்று. தலை குனிந்து வெளியே வந்தான்.

"பார்த்துப் போங்க அத்தான், படி இருக்கு" என்றேன். எவ்வளவு இனிப்பாக வந்தது அந்த வார்த்தை!

ஏப்ரல் 13

அக்கா வந்தாள். உட்காரவில்லை.

"அவர் உன் வீட்டுல திருடலடி. நீ ஆஸ்பத்திரியில கிடந்தப்போ வீட்டுச் சாவி என்கிட்டதானே இருந்துச்சு? ஃபிரிட்ஜ்ல நீ வச்சிருந்த விதையிலேர்ந்து ஒரு பிடி நான்தான் எடுத்துக் கொடுத்தேன்."

ஏன்?

"சின்ன வயசுலேர்ந்து உன் பெருமைப் பேச்சுதான் வீட்டுல. ஒரு தடவை எங்க பேரும் வரட்டுமேன்னு."

ஆஸ்பத்திரியில் அவள்தான் எனக்குக் கஞ்சி ஊட்டியவள். அந்த வாரம்தானா? அதே வாரமா? காபி ஆறிப்போனது. குடி என்று நான் சொல்லவில்லை.

ஜூன் 2

நெல்லுக்கு நான் கேட்ட பதிவுச் சான்றிதழ் வந்துவிட்டது. என் பெயர், எழுத்துப் பிழையில்லாமல்.

காலையில் பூட்டுக்காரர் வாசல் பூட்டை மாற்றினார். எத்தனை சாவி வேண்டும் என்று கேட்டார்.

ஒன்று போதும் என்றேன்.