புது போர்டுக்குக் கீழே நான்

என் ஸ்டெல்லா அக்கா,

முதலில் என் மானம் போகிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நாம் வேலை பார்த்த சூப்பர் மார்க்கெட்டின் புது போர்டுக்குக் கீழே நின்று, இரண்டு விரலைத் தூக்கி, பல்லைக் காட்டி ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் டிபியாக வைத்தேன். கடையை மூடிவிட்டார்கள். போட்டோ மட்டும் இன்னும் இருக்கிறது, அதை நீக்கத் தெரியவில்லை. உங்கள் மகள் ரோஸியிடம் கேட்கலாம். கேட்க வாய் வரவில்லை.

ஆமாம் அக்கா, மூடிவிட்டார்கள். நம் ஏ.எஸ்.ராவ் நகர் கடை மட்டுமில்லை, எல்லாக் கிளையும்தான். நீங்கள் உட்கார்ந்து பில் போட்ட முதல் கவுண்ட்டரைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் ரோட்டில் நின்று பார்த்தேன்.

நீங்கள் போன கொஞ்ச நாளில்தான் லோகோவை மாற்றினார்கள். அந்தச் சிரிக்கிற சிவப்புக் கூடை போயிற்று. "இது என்னைப் பாத்து வரைஞ்சது செல்வி, பல்லைப் பாரு" என்பீர்களே, அதேதான். அதற்குப் பதிலாக ஒல்லியாக ஒரு பச்சை இலை. "கறிவேப்பிலையா சார்?" என்று கேட்டேன், மானேஜர் முறைத்தார். போர்டு ஏறின அன்று பூசணிக்காய் உடைத்து எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். புது ஏப்ரன், புதுப் பை.

எனக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னீர்கள்? "ரோஸியை என் சீட்டுல உக்கார வெச்சிரு செல்வி. வேற ஒண்ணும் நக்கோ, வேணாம்." மானேஜரை நான் விடாமல் நச்சரித்தேன். போர்டு மாறட்டும், எடுத்துக்கொள்கிறேன் என்றார். மாறிவிட்டதே!

அப்போது அமீர்பேட்டில் ஒரு பல் டாக்டர் ரோஸியை ரிசப்ஷனுக்குக் கூப்பிட்டிருந்தார். "க்யா கரூன் ஆன்ட்டி?" என்று, என்ன செய்யட்டும் என்று என்னிடம் கேட்டாள். "மூடப்போற கடைக்கு எவனாச்சும் புது போர்டு மாட்டுவானாடி? அம்மா சீட்டு உனக்குத்தான்" என்றேன். அவள் டாக்டரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

அந்த நாட்களில் எனக்கு என்ன வேலை தெரியுமா? சரக்கு வரவில்லை. இருக்கிற சோப்பையும் பிஸ்கட்டையும் ரேக்கின் விளிம்புக்கு இழுத்து ஒரே வரிசையாக நிறுத்துவேன், பார்க்கிறவர்களுக்கு நிறைந்திருக்கிற மாதிரி. பின்னால் கையை விட்டால் வெறும் தகரம். என் கையாலேயே இழுத்து வைத்தேனே, எனக்கு ஏன் உறைக்கவில்லை? நீங்கள் இருந்திருந்தால் புதுப் பையைத் தொட்டுப் பார்த்தே கடை தேறாது என்று சொல்லியிருப்பீர்கள். வெங்காயச் சருகு மாதிரி இருந்தது.

மூடுகிறோம் என்று சொன்ன அன்று உங்கள் லோத்குண்டா வீட்டுக்குப் போனேன். ரோஸிதான் கதவைத் திறந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "மாலூம் ஹை ஆன்ட்டி" என்றாள், முன்பே தெரியுமாம். டீ போட்டாள், உங்களை மாதிரியே சர்க்கரையை அள்ளிக் கொட்டி. டம்ளரை என்னிடம் நீட்டிக்கொண்டே, "மம்மி சீட்டு போச்சு, இல்ல?" என்றாள். அவள் என்னிடம் தமிழில் பேசியது அன்றுதான். என்னை இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மறுநாளே மெட்ரோ ஏறி அமீர்பேட்டுக்குப் போய் அந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன். வாயைத் திற என்றார். திறந்தேன். எல்லாப் பல்லையும் பார்த்து முடித்த பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னேன். வேறு பெண்ணை எடுத்துவிட்டாராம். ஆனால் சாயங்கால வேளைக்கு ஆள் வேண்டுமாம், திங்கட்கிழமை அனுப்பச் சொன்னார். எனக்கும் அமீர்பேட்டிலேயே ஒரு ஹாஸ்டல் சமையலறையில் வேலை கிடைத்திருக்கிறது. என் முகத்தைப் பார்த்தே எடுத்தார்கள் என்று சொல்லிக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்ட சீட்டை என்னால் வாங்கிக் கொடுக்க முடியவில்லை அக்கா. ஆனால் ரோஸி வேலை முடிந்து படியிறங்கும்போது கீழே நான் நிற்பேன். சேர்ந்தே வீடு திரும்புவோம். சோறு என் வீட்டில். என் காலில் தெம்பு இருக்கிற வரைக்கும் இது மாறாது.

இன்று உங்களைப் பார்க்க வந்தேன். செவ்வந்திப் பூவை அந்தப் புதுப் பையில்தான் போட்டுக் கொண்டுவந்தேன். உங்கள் பக்கத்துக் கல்லறையைத் தாண்டும்போது பையின் அடி பிரிந்து எல்லாம் அவர்மேல் கொட்டிவிட்டது. பொறுக்கியெடுக்க முடிந்த பூ உங்களுக்கு. மீதி அவருக்கு.

கூடப் பிறக்காத உங்கள் தங்கச்சி,
செல்வி