கூரை உச்சியில் ஒரு வைக்கோல் மனிதன்

ஸ்வால்பார்ட்,
மே 9

அன்புள்ள சிக்னே,

உன் இடுப்பு வலி எப்படியிருக்கிறது? நம் ரூனாவுக்கு இருமல் நின்றதா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

நம் புது வீட்டுக்குக் கூரைச் சட்டம் ஏற்றிய தச்சர்கள் மூன்று வாரமாக வேலைக்கு வரவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கிருந்தே அவர்களைத் திட்டித் தீர்த்தேன். பிறகுதான் அடுத்த பக்கத்தைப் படித்தேன். சட்டம் ஏறிய அன்று நாம் விருந்து போடவில்லையென்று, இலை வளையம் கட்ட வேண்டிய உச்சியில், கஞ்சன் வீட்டுக்குச் செய்வதுபோல வைக்கோல் மனிதனைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்களாமே! விருந்தைத் தள்ளிவைக்கச் சொன்னவன் நான்தான். நானும் கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஆசை. விடுப்பு மூன்று முறை தள்ளிப்போகும் என்று யார் கண்டது?

சுரங்கத்தில் என்னோடு வேலை செய்யும் ஐனாரிடம் சொன்னேன். "அடக் கஞ்சப் பயலே, அவனும் உன்ன மாதிரியே இருக்கானா?" என்றான். சாப்பாட்டுக்கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இந்த வெள்ளிக்கிழமையே விருந்தைப் போட்டுவிடு. ஆட்டுக்கறி சூப்பு, பீர், எதிலும் குறை வைக்காதே. எனக்காகக் காத்திருக்க வேண்டாம். சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. வீட்டை ஒரு படம் எடுத்தும் அனுப்பு.

தபால் பையைக் கட்டுகிறார்கள், முடிக்கிறேன். ரூனா தினமும் கூரை உச்சியில் இருப்பவனைப் பார்த்து, "அப்பா, ஸ்கூலுக்குப் போயிட்டு வரேன்" என்று கையசைக்கிறாள் என்று எழுதியிருந்தாயே. அவனை இறக்கும் நேரத்தில் அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும்.

உன்
ஹோல்கர்